மாத்திரை பிடிக்கும் வரை

14 நவம்பர் 2024, வியாழன்
அப்பாவின் மனச்சோர்வு நோய்க்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை 5 மில்லிகிராம், காலை இட்லிக்குப் பிறகு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். முதல் வாரத்தில் குமட்டல், படபடப்பு, தூக்கக் கோளாறு எல்லாம் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். வயதானவர்களுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். தொந்தரவு முன்னால், பலன் பின்னால். இதனால்தான் பலர் பத்தே நாளில் "இது ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படித் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

தூக்கமும் பசியும் முதலில் திரும்பும், மனசு கடைசியில்தான். அதையும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அதனால் "எப்படி இருக்கீங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எத்தனை இட்லி சாப்பிட்டார், எத்தனை மணிக்கு விழித்தார், பேப்பரை அவராக எடுத்தாரா, இதைக் குறித்தால் போதும்.

இந்த மாத்திரை ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். அதை எப்போது டெஸ்ட் செய்வது? கேட்க வேண்டும்.

15 நவம்பர், வெள்ளி
"பாசிட்டிவா இருங்க சார், எல்லாம் சரியாயிடும்." போனில் அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர். அப்பா "சரிங்க" என்று வைத்தவர், மதியம் வரை வாய் திறக்கவில்லை.

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? முட்டி வலியைச் சொல்ல வந்தவர் முட்டி வலியையும் சொல்ல முடியாமல் போகிறார். "இப்ப எது ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை நாம் அறிவுரையால் நிரப்பிவிடுகிறோம்.

18 நவம்பர், திங்கள்
"மனசு நல்லா இருந்தா நடப்பேன்" என்கிறார் அப்பா. இது தலைகீழ். சோர்வு நோயில் செயல் முன்னால் வரும், மனசு பின்னாலேயே வந்து சேரும். அதற்காகக் காலையில் ஒரு காகிதம். மூன்று வகை வேலை, ஒவ்வொன்றிலும் ஒன்று. உடம்புக்கு: குளித்து, மடித்த வேட்டி கட்டுவது. கைவேலைக்கு: கீரை ஆய்வது, ரேடியோவைத் துடைப்பது. ஆசைக்கு: முன்பு எது பிடித்ததோ அதில் ஐந்தே நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன்பும் பின்பும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறிப்பது. 2 என்பது 3 ஆனால் அது வெற்றி. 8 ஆக வேண்டும் என்று நினைத்தால் இரண்டே நாளில் காகிதம் குப்பைக்குப் போகும்.

எங்கே கெடுகிறது என்றால், வேலை பெரிதாகும்போது. "புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடை" பெரிது. "செருப்பு போட்டுத் தெருமுனை வரை" போதும். இன்னொன்று, குழந்தையைப் பாராட்டுவது போல "சூப்பர்ப்பா!" என்பது. 71 வயது மனிதருக்கு அது அவமானம். "கீரை சுத்தமா இருக்கு" போதும்.

19 நவம்பர்
மறுபடி நாலு மணி.

20 நவம்பர், புதன்
நாலு மணி விழிப்பைப் பற்றி. வயதானால் தூக்கம் லேசாவதும், சீக்கிரம் வருவதும், சீக்கிரம் கலைவதும் இயல்பு. எட்டரைக்குப் படுத்தால் நாலு மணிக்கு விழிப்பு வருவதில் நோய் ஒன்றுமில்லை, ஏழரை மணி நேரம் முடிந்துவிட்டது. ஆனால் விழித்ததும் நெஞ்சில் கல் வைத்தது போலிருந்து, அந்தப் பாரம் சாயங்காலம் தானாகக் குறைகிறது என்றால் அது சோர்வு நோயின் கை. அப்பாவுக்கு இரண்டாவது.

செய்வது இது. படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளுவது. தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல் ஆனால் எழுந்து கூடத்தில் உட்காருவது (கடிகாரம் பார்க்காமல், உத்தேசமாக). கட்டில் தூங்க மட்டுமே, கவலைப்பட நாற்காலி. பகல் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்னால். காபியின் பாதி வேகம் தணியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதனால் நாலு மணிக் காபி இனி பாலாக மாற வேண்டும். இதில்தான் சண்டை வரும். காலையில் வாசல் வெளிச்சத்தில் இருபது நிமிடம். மேகமாக இருந்தாலும் வீட்டு டியூப்லைட்டைவிட வெளியில் வெளிச்சம் பல மடங்கு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையைத் தூக்கத்துக்குக் கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமின் மாதிரியானவை வயதானவர்களுக்குக் குழப்பத்தையும், சிறுநீர் அடைப்பையும், விழுவதையும் கொண்டுவரும்.

22 நவம்பர், வெள்ளி
"வயசாயிடுச்சு, இனி என்ன." இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். 2002இல் பெக்கா லெவி குழுவினர் வெளியிட்ட ஆய்வு: அமெரிக்காவின் ஒஹாயோவில், 50 வயதைத் தாண்டிய 660 பேர். தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். சிரித்த முகம் ஆயுளைக் கூட்டும் என்று இதைப் படிக்கக் கூடாது. வயசுதான் காரணம் என்று முடிவுகட்டியவர் டாக்டரிடம் போகமாட்டார், நடக்கமாட்டார், காதைக் காட்டமாட்டார். நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் சோர்வாகவும் மறதியாகவும்தான் வெளிப்படும். மருந்து இருக்கிற விஷயத்துக்கு வயசு என்று பெயர் வைப்பது கொடுமை.

23 நவம்பர்
ஐம்பதைத் தொட்ட எனக்கும் ராத்திரி வேர்த்து விழிப்பு வருகிறது. பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் வெளிக்காற்று கட்டாயம். ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். முடியாத ராத்திரிக்கு டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி), 14416. இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும்.

25 நவம்பர், திங்கள்
சோடியம் 133. (135 முதல் 145 இருக்க வேண்டும்.)

இந்த வகை மாத்திரை வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும், அதுவும் முதல் சில வாரங்களில். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து, சுருக்கமாக "ஹெச்") சேர்ந்திருந்தால் இரண்டும் கூட்டாகக் குறைக்கும். அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் அந்த "ஹெச்" இருந்தது. டாக்டர் அதை மாற்றினார். மனசு மாத்திரை தொடரும், பத்து நாளில் மறு டெஸ்ட். தள்ளாட்டம், தலைவலி, பேச்சில் குழப்பம் வந்தால் காத்திருக்காமல் கூட்டிவரச் சொன்னார். தானாக உப்பை அள்ளிப் போடுவதும், "தண்ணி நிறையக் குடிங்க" என்று செம்புசெம்பாகக் கொடுப்பதும் இரண்டுமே தப்பு.

27 நவம்பர், புதன்
மழை. "என்னாத்துக்கும்மா இப்ப நடை?" சரி, நாற்காலி.

பதினேழு அங்குல உயரம், கை இல்லாத மர நாற்காலி, முதுகு சுவரோடு ஒட்டி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மொசைக் தரையில் வழுக்கும். கையை மார்பில் குறுக்கே கட்டி, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12க்குக் கீழே என்றால் விழும் ஆபத்து அதிகம். அப்பா 8. ஏழாவதில் தொடை நடுங்கியது, கை தானாகப் பிரிந்து ஓரத்தைப் பிடித்தது. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்து "பத்து வரும்" என்றார்.

மனசுக்கு நான் பார்த்த முதல் மருந்து அந்த "பத்து வரும்".

29 நவம்பர், வெள்ளி
புயல் எச்சரிக்கை. ஏழு நாள் மாத்திரை, காலை, இரவு என்று பிரித்து ஜிப் கவரில். மருந்துச் சீட்டு நகல் தனிக் கவரில். டார்ச், அதற்கு பேட்டரி. டிவி செய்தி காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரே காட்சியை நாள் முழுக்கப் பார்ப்பது பயத்தை மட்டும் வளர்க்கும்.

30 நவம்பர்
காற்று. கரண்ட் இல்லை. சோடியம் என்ன ஆகியிருக்கும் என்ற கவலை.

1 டிசம்பர், ஞாயிறு
புயல் கரையைக் கடந்தும் நகரவில்லை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீர்.

இருட்டில் அப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. சோடியமா? குழப்பமா? டார்ச்சை என் முகத்தின் மேல் திருப்பிக் கேட்டேன்: "கஞ்சி வேணுமாப்பா?" உடனே "உப்பு கம்மியா போடு". காது! இத்தனை நாளும் உதட்டைப் பார்த்துப் பாதி கேட்டிருக்கிறார். வயதில் போவது உச்சஸ்தாயி. ச், த், க் மாதிரி மெய்யெழுத்துகள் முதலில் மங்கும், உயிர் மட்டும் கேட்கும். "சாப்பாடு" "ஆஆடு" ஆகும். கத்தினால் சத்தம் கூடுமே தவிர மெய் திரும்பாது. எதிரில் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி, நிதானமாக, குரலின் சுருதியைத் தாழ்த்திப் பேச வேண்டும் (சத்தத்தை அல்ல). முதலில் காது அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு கேட்கும் திறன் டெஸ்ட். கூட்டத்தை விட்டு ஒதுங்கியதில் எவ்வளவு சோர்வு, எவ்வளவு காது?

3 டிசம்பர், செவ்வாய்
மூன்றாவது இட்லி. கேட்டு வாங்கினார்.

விழிப்பு ஐந்தேகால். நாற்காலி 9.

4 டிசம்பர், புதன்
டாக்டரிடம் கேட்க: டோஸ் 10க்கு ஏற்றுவதா (இந்த வயதில் அதற்குமேல் இல்லை). காதுக்கு யாரிடம். பி12 பார்த்தாயிற்றா. நாளை காலை ரத்தம் எடுக்க ஆள் வரும். சோடியத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லி கொடுத்துவிடலாம்.