எலும்பை நேராகப் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஆறு மாதம்

பிசியோதெரபி முதலாமாண்டு பிராக்டிகலில் அனாடமி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டெர்னல், முதுகெலும்புத் தொடரின் முள்ளெலும்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். என்ன எலும்பு என்று சொல்வதில் சிக்கலே இல்லை. பக்கவாட்டு நீட்சியில் ஓட்டை இல்லை, அதனால் கழுத்து இல்லை. விலா எலும்பு வந்து ஒட்டும் வழவழப்பான குழி இல்லை, அதனால் மார்பும் இல்லை. "லம்பார் வெர்டிப்ரா சார்" என்றேன், கீழ்முதுகு எலும்பு. "சரி, முதல்ல நேராப் பிடிம்மா" என்றார்.

தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

திருப்பினேன். இப்போது முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது. மறுபடி திருப்பினேன். மார்பு முள்ளெலும்பு என்றால் பின்னால் இருக்கும் முள் கீழ்நோக்கிச் சரிந்து வழி காட்டும். லம்பாரில் அந்த முள் அகலமாக, வெட்டுக்கத்தி மாதிரி, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். எது மேல், எது கீழ் என்று அது சொல்லாது. அதன் பிறகு அவர் கேட்ட எதற்கும் என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அட்டாச்மெண்ட், அதாவது தசைகள் எலும்பில் ஒட்டும் இடங்கள், முழுக்க மனப்பாடம்தான். ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வரிசையில் எந்தத் தசை எலும்பின் எந்த இடத்தில் என்று விரலை வைக்கச் சொன்னால் தெரியாது. அரியர் விழுந்தது. அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம்.

ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா தன் எலும்பு செட்டைக் கொடுத்தார். ஐந்து லம்பார் எலும்புகளையும் நைலான் கயிற்றில் கோத்து வைத்திருந்தார். அவருக்கும் முந்தைய சீனியர் யாரோ நெயில் பாலிஷில் தசை தொடங்கும் இடத்தைச் சிவப்பாகவும் முடியும் இடத்தை நீலமாகவும் தீட்டியிருந்தார். பாதி உதிர்ந்துபோய்விட்டது. முதல் வாரம் முழுக்க நான் வேறெதுவும் படிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் எலும்பை எடுத்து, தடவிப் பார்த்தே நேராகப் பிடிக்கப் பழகினேன். பாடி என்று நாங்கள் சொல்லும் பெரிய உருளைப் பகுதி முன்னால். பின்னால் நான்கு மூட்டுப் பரப்புகள் இருக்கும். மேலே இருக்கும் இரண்டும் உள்பக்கம் பார்த்துக் குழிந்திருக்கும். கீழே இருக்கும் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துப் புடைத்திருக்கும். குழிந்த ஜோடியின் பின்விளிம்பில் சின்னதாக ஒரு குமிழ் கையில் தட்டுப்படும், மாமில்லரி ப்ராசஸ். அது மேல்பக்கம். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆனாலும் தசைகள் மனதில் ஒட்டவில்லை. புத்தகப் படத்தில் ஒரு குட்டி எலும்பின் மேல் பத்துப் பன்னிரண்டு அம்புக்குறிகள். அறுத்துப் படிக்கும் சடலமான கடாவரைப் பார்க்கலாம் என்றால், எங்கள் பேட்ச் முதுகைத் திறந்தபோது நான் மூன்றாவது வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபார்மலின் எரிச்சலில் பாதி நேரம் கண்ணைத் துடைப்பதிலேயே போனது.

கடைசியில் புரிய வைத்தது தாராபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கறிக்கடை. லீவுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பதிலாக நான் போனேன். "அண்ணா, விலா முடியுற இடத்துக்குக் கீழ முதுகைத் துண்டு போடாம முழுசாக் குடுங்க" என்றேன். "குழம்புக்கா கண்ணு? முழுசா எப்படி வேகும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். கேள்வி நியாயமானதுதான். வீட்டில் அம்மா அரைமணி நேரம் வசை பாடினாள். நான் புழக்கடையில் தட்டை வைத்து, பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

எலும்பின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த டிரான்ஸ்வெர்ஸ் ப்ராசஸ், சுவரில் அடித்த பலகை மாதிரி இருந்தது. பலகைக்குப் பின்புறம் ஒரு கனத்த கறித்திரள்: முதுகை நிமிர்த்தும் எரெக்டர் ஸ்பைனே. முன்புறம், வயிற்றுப் பக்கமாக, பாடியை ஒட்டி மெத்தென்று நீளமாக ஓடிய கறிதான் சோவாஸ் மேஜர். அட, இவ்வளவுதானா என்றிருந்தது. பலகை ஒன்று, முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். மனிதரில் அதே பலகையின் முன்பக்கத்தில், பாடிக்கு அருகே சோவாஸ், நுனிப் பக்கம் குவாட்ராட்டஸ் லம்போரம் என்ற தசை. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு மெல்லிய மேடு. அதுவரை என் எலும்பில் அந்த மேட்டை அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

முதுகுத் தசைகளைப் போர்த்தும் உறையான தொரக்கோலம்பார் ஃபேஷியாவும் அன்றைக்குத்தான் வழிக்கு வந்தது. மூன்று அடுக்கு. முன் அடுக்கு அந்த மேட்டில் ஒட்டுகிறது, நடு அடுக்கு டிரான்ஸ்வெர்ஸ் ப்ராசஸின் நுனியில், பின் அடுக்கு பின்னால் இருக்கும் முள்ளில். முன்னுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட அறையில் குவாட்ராட்டஸ், நடுவுக்கும் பின்னுக்கும் இடைப்பட்ட அறையில் எரெக்டர். (ஆட்டுக்கு லம்பார் எலும்பு பெரும்பாலும் 6, நமக்கு 5. அது நாலு காலில் நிற்கும் பிராணி. ஆட்டைப் பார்த்துப் படித்ததை வைவாவில் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது.)

சோவாஸ் எனக்கு அதற்குப் பிறகு செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அடுத்தடுத்த பாடிகளின் விளிம்பிலும் இடையிலுள்ள மெத்தை போன்ற டிஸ்க்கிலும் ஒட்டும். பாடியின் இடுங்கிய நடுப்பகுதியில் மட்டும் ஒட்டாமல் பாலம் கட்டித் தாண்டும். அந்தப் பாலத்தின் அடியில்தான் லம்பார் ரத்தக்குழாய்கள் போகின்றன. கீழே இறங்கி இடுப்பைக் கடந்து தொடை எலும்பில் போய் முடிகிறது. முதுகெலும்பில் காசநோய் வந்தால் சீழ் இந்தத் தசையின் உறைக்குள்ளேயே வழிந்து, தொடை இடுக்கில் கட்டியாகத் தெரியும் என்று மேடம் வகுப்பில் சொன்னது அன்று வெறும் குறிப்பு. இப்போது அந்தச் சீழ் போகும் பாதை கண்ணுக்குத் தெரிந்தது.

எலும்புகளைக் கட்டும் நார்ப்பட்டைகளான லிகமெண்டுகளை வீட்டில் என் சொந்த அக்காவின் புண்ணியத்தில் படித்தேன். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் இடுப்புவலி என்பது அவளுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஊசி எதையெல்லாம் துளைத்துக்கொண்டு போனது என்று அவள் முதுகிலேயே விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடுப்பெலும்புகளின் உச்சியையும் கோடு போட்டு இணைத்தால் நான்காவது லம்பார் எலும்பான எல் 4 பக்கத்தில் வெட்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல் 1 அளவிலேயே முடிந்துவிடுவதால் அங்கே குத்தினால் பயமில்லை. தோல், கொழுப்பு, முட்களின் நுனிகளைக் கோத்துப் போகும் சுப்ராஸ்பைனஸ், முட்களுக்கு நடுவே இன்டர்ஸ்பைனஸ், அப்புறம் லிகமெண்டம் ஃப்ளேவம். அதைத் தாண்டும்போது கைக்கு ஒரு விடுபடல் தெரியும் என்பார்கள். எலாஸ்டின் நிறைய இருப்பதால் அது மஞ்சள் நிறம், குனிந்தால் நீளும். அதற்குள்ளே எபிடியூரல் இடைவெளி, தண்டுவடத்தின் உறைகளான ட்யூரா, அரக்னாய்டு. "இத்தனையும் குத்தினா வலிக்காம என்னடி செய்யும்?" என்றாள் அக்கா.

பாடிகளுக்கு முன்னால் ஓடும் நீளப்பட்டை அகலமானது. பின்னால் ஓடுவது பாடியின் மேல் குறுகலாகி, டிஸ்க் வரும் இடத்தில் மட்டும் விரியும். அங்கேயும் ஓரங்களில் பலவீனம்தான். அதனால்தான் டிஸ்க் பெரும்பாலும் நேர் பின்னால் பிதுங்காமல் பின்பக்க ஓரமாகப் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது.

ஆகஸ்டில் மறுபடி அதே ஹால், வேறு எக்ஸ்டெர்னல். கையில் கொடுத்தது எல் 5. கொடுத்த கணமே திருப்பி நேராகப் பிடித்துக்கொண்டேன். "எப்படி அஞ்சுன்னு சொல்றே?" டிரான்ஸ்வெர்ஸ் ப்ராசஸ் குட்டையாக, தடியாக, பாடி வரைக்கும் பரவி ஒட்டியிருக்கிறது, முள் சின்னது, கீழ் மூட்டுப் பரப்புகள் மேலே இருப்பவை அளவுக்கே விலகி நிற்கின்றன. ஏன் அவ்வளவு தடி என்றார். இடுப்பெலும்போடு கட்டிப்போடும் இலியோலம்பார் லிகமெண்ட் அங்கேதான் ஒட்டுகிறது, சாய்வான சேக்ரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்த எலும்பு முன்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது என்றேன்.

மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடத்தைக் காட்டி, இங்கே விரிசல் விழுந்தால் என்றார். அந்த இடம் பார்ஸ் இன்டர்ஆர்ட்டிகுலாரிஸ், விரிசலுக்குப் பெயர் ஸ்பாண்டிலோலிசிஸ், வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அதிகம் வரும் என்றேன். "பும்ராவுக்கு என்ன ஆச்சு?" 2019-இல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்ததைச் சொன்னேன். "பார்ஸ்தானா?" "அது தெரியாது சார்." சிரித்தார்.

மாமில்லரி ப்ராசஸில் எந்தத் தசை ஒட்டுகிறது என்று கேட்டபோது லாஞ்சிஸிமஸ் என்று உளறினேன். அது ஒட்டுவது பக்கத்திலிருக்கும் ஆக்சசரி ப்ராசஸில். இங்கே மல்டிஃபிடஸ். எந்தக் குமிழைத் தடவித் தடவி ஆறு மாதம் எலும்பைத் திருப்பினேனோ, அதில் ஒட்டும் தசையையே மாற்றிச் சொல்லிவிட்டேன். "பரவால்ல, போம்மா" என்றார்.

எலும்பை அட்டெண்டர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை டிரேயில் தலைகீழாகப் போட்டார். திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.