மூடி வைத்த வைக்கோல்

ஏப்ரல் 14
300 கிலோ வைக்கோல், 12 கிலோ யூரியா, 150 லிட்டர் தண்ணீர். 100 கிலோவுக்கு 4 கிலோ என்ற கணக்கை நான்கு முறை சரிபார்த்த பிறகே மூட்டையைப் பிரித்தேன். அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து இறுக்கி, தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மண் அணைத்தோம். மீந்த கரைசலைக் குழியில் ஊற்றி மூடிவிட்டு, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஏப்ரல் 15
நள்ளிரவில் எழுந்து சென்று பார்த்தேன். டிரம் கவிழ்ந்துதான் இருக்கிறது.

ஏப்ரல் 19
வயலுக்குப் போடும் உப்பை வைக்கோலில் ஏன் கொட்டினாய் என்று அப்பா மறுபடியும் கேட்டார். வயிறு நிறையத் தின்றும் ஆடுகள் ஏன் மெலிகின்றன என்ற கேள்வியையே நான் பதிலாக வைத்தேன். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். இருக்கும் சத்தையும் தாளை முரடாக்கும் லிக்னினும் மணற்சத்தும் பூட்டி வைத்திருக்கின்றன. அசையூண் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து கிடைக்காததால் தின்றது அப்படியே தேங்கி, அடுத்த கவளத்துக்கு இடமில்லாமல் போகிறது. ஈரத்தில் யூரியா அம்மோனியாவாக மாறி அந்தப் பூட்டைத் தளர்த்தும், நுண்ணுயிர்களுக்குத் தீனியுமாகும் என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "செவலைக்கும் இதே கணக்குத்தானே சொன்னாய்?" என்றார்.

ஏப்ரல் 23
காதறுந்தவளின் முதுகைத் தடவினால் முள்ளெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுகிறது. ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சினையாடுகளுக்கு மட்டும் தலைக்கு 100 கிராம் கடலைப்புண்ணாக்கும், பொறுக்கி வந்த கருவேல நெற்றும் வைக்கிறோம். அம்மா இரக்கத்தில் கம்பை அள்ளிப் போடுகிறார். தானியம் மிகுந்தால் வயிறு புளித்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள்தாம் முதலில் ஒடுங்கும் என்பதை இரக்கத்திடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 29
கோடை மழை. தார்ப்பாயின் வடக்கு முனை கிழிந்திருந்தது. இருட்டில் மண்ணை அள்ளி அடைத்தேன். டிரம்மில் மழைநீர் தேங்கியிருக்குமோ என்று ஓடினேன். கவிழ்ந்த டிரம்மில் எப்படித் தேங்கும்?

மே 1
சென்ற ஆண்டு டிரம்மில் கிடந்த யூரியாக் கரைசலில் செவலையாடு குடித்தது இரண்டு மிடறுகூட இருக்காது. கடைக்குப் போய் வினிகர் வாங்கி வருவதற்குள் வயிறு மத்தளமாக உப்பிக் கால்கள் விறைத்துவிட்டன. தவறு யூரியாவினுடையது அன்று. திறந்து வைத்த என்னுடையது.

மே 5
பிரித்தோம். நெடி கண்ணைக் கரித்தது. மஞ்சள் போய்ப் பழுப்பேறி, கையில் கசக்கினால் முறியாமல் துவள்கிறது. வடக்கு முனையில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்த இரண்டு கட்டுகளை எருக்குழியில் எறிந்தேன். அப்பா ஒரு தாளை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். இன்று தேவையானதை மட்டும் உருவிக் காற்றாடப் பரப்பிவிட்டு மீண்டும் மூடினோம்.

மே 6
பழைய வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன். முகர்ந்தன, விலகின, மாலையில் தின்றன. பால்குடி மாறாத குட்டிகளின் பட்டிப் படலை இரு முறை இழுத்துப் பார்த்தேன். காதறுந்தவள் தொடவில்லை.

மே 8
தொடவில்லை.

மே 11
தொட்டியில் மிச்சம் விழுவது குறைந்திருக்கிறது. முன்பு முரட்டுத் தாளையெல்லாம் ஒதுக்கிவிடும். இப்போது அடி வரை நக்குகின்றன. உடம்பு பிடிக்கிறதா என்று சொல்ல இன்னும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். வயிறு புதிய தீனிக்குப் பழக அவ்வளவு நாளாகும்.

மே 12
காதறுந்தவள் காலையில் நான்கு வாய் தின்றாள். மடி இறங்கியிருக்கிறது. அடுத்த வைக்கோற்போருக்கு யூரியா கரைக்க வேண்டும். டிரம்மை நிமிர்த்தும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, வேண்டாம், நானே