பிராக் சதுக்கம்: குனிந்து பார்க்க வேண்டியவை

ஜூன் 18

மாலை பிராக் நகரின் பழைய நகர்ச் சதுக்கம். நகர மன்றக் கோபுரத்தின் அடியில் நிற்கவே இடமில்லை. எல்லாரும் அண்ணாந்து வானியல் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். 1410இல் நிறுவியது. மணி ஆனதும் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுத்தது, சாளரங்கள் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போனார்கள், கடைசியில் சேவல் கூவியது. அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கோ அதன் பிறகுதான் சுவாரசியம். வெளிவட்டத்து எண்கள் பழைய பொஹீமிய (இன்றைய செக் பகுதி) நேரத்தைக் காட்டுபவை. அந்தக் கணக்கில் சூரியன் மறையும்போது நாள் தொடங்குகிறது. அதனால் பருவத்துக்கேற்ப அந்த வட்டமே நகர்ந்து கொடுக்கிறது.

ஜூன் 19

மழை. யான் ஹூஸ் நினைவுச்சின்னம் மட்டும் பார்த்தேன். திருச்சபையை எதிர்த்துப் பேசியதற்காக 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். சரியாக 500 ஆண்டு கழித்து, ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியிலேயே, சிலை தயாரானது. அரசு திறப்பு விழாவுக்கு அனுமதி தரவில்லை. மக்கள் பூக்களைக் கொண்டுவந்து சிலையை மூடிவிட்டார்கள். எந்த விழாவும் இதற்கு ஈடாகாது.

ஜூன் 21

இந்தத் தேதிக்காகத்தான் பயணத்தையே இந்த வாரத்தில் வைத்தேன். 1621 ஜூன் 21 அன்று இந்தக் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் மேடை கட்டி 27 பேரைக் கொன்றார்கள். முந்தைய ஆண்டு வெள்ளை மலைப் போரில் ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்த பொஹீமியர்கள் தோற்றதற்கான தண்டனை அது. பிரபுக்கள் மூவர், வீரக்குடியினர் ஏழு பேர், மீதி 17 பேரும் சாதாரண நகரவாசிகள். அவர்களில் யெசீனியஸ் என்ற மருத்துவரும் உண்டு. 1600இல் இதே நகரில் மக்கள் முன்னிலையில் உடலை அறுத்து உடற்கூறு கற்பித்தவர், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். தலையை வெட்டும் முன் அவருடைய நாக்கை அறுத்தார்கள்.

அந்த இடத்தில் நடைபாதைக் கற்களுக்கு நடுவே 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். கடிகாரத்தை நோக்கி விரைகிறவர்கள் அவற்றின் மேலேயே நடந்து போகிறார்கள். காலையில் கூட்டம் சேரும் முன்பே போய்விட்டதால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்க முடிந்தது. இங்கே வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தத் தரையைத்தான்.

ஜூன் 22

மரியன்னை தூணின் நிழல் விழும் திசையில் தரையில் ஒரு கோடு இருக்கிறது, பிராகின் நண்பகல் கோடு. ஒரு காலத்தில் நகரம் தன் நேரத்தை இதைப் பார்த்துத்தான் சரிசெய்தது. கோடைகால நேரப்படி ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நிழல் கோட்டுக்கு வந்தது. 1650இல் எழுந்த தூணை, நாடு விடுதலை பெற்ற சில நாட்களில், 1918 நவம்பர் 3 அன்று, ஹாப்ஸ்பர்க் அடையாளம் என்று சொல்லிக் கூட்டம் ஒன்று கயிறு கட்டிச் சாய்த்தது. 2020இல் அதன் பிரதியை நிறுத்தினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை என்கிறார்கள். நிழலைப் பார்த்த பிறகு நான் நிறுத்தியவர்கள் பக்கம்.

ஆனால் கோபுரத்தை ஒட்டிய வெற்றிடம் அப்படியே இருக்கட்டும். 1945 மே மாதம் நாஜி ஜெர்மானியருக்கு எதிராக நகரம் எழுந்தபோது நகர மன்றத்தின் ஒரு பகுதி எரிந்துபோனது. உடைந்த விளிம்போடு ஒரு துண்டுச் சுவர் மட்டும் மிச்சம். மறுபடி கட்ட எத்தனையோ வடிவமைப்புப் போட்டிகள் நடத்தியும் எதுவும் எழவில்லை.

நாளை சார்லஸ் பாலத்தின் பழைய நகர்ப் பக்கக் கோபுரம். 1621இல் வெட்டிய தலைகளில் 12ஐப் பத்தாண்டுகள் தொங்கவிட்டது அங்கேதான்.