மூன்றாவது பேஸ் டிரம்: வார இறுதி ஒத்திகை எங்கே வந்து நிற்கிறது

இந்த சீசனில் எனக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது பேஸ் டிரம். எங்கள் டிரம் கோரில் மொத்தம் ஐந்து. முதலாவது சின்னது, சுருதி மேலே நிற்கும். ஐந்தாவது பெரியது, அடித்தால் பக்கத்தில் இருப்பவர் வயிற்றில் அதிரும். ஆளுக்கு ஒரே ஒரு சுருதி என்பதால், வேகமான ஒரு வரியை ஐந்து பேரும் பங்கு போட்டுத்தான் வாசிக்க முடியும். இதற்கு ஸ்ப்ளிட் என்று பெயர். இந்த வேலை என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

டிரம் கோர் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தளைக் குழல் வாத்தியங்கள், டிரம்கள், கொடி சுழற்றும் கலர் கார்டு, இவ்வளவுதான். கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க நடந்துகொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிட ஷோவை மனப்பாடமாக வாசிக்க வேண்டும். டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் நடந்தது. அந்த அமைப்பின் உயர்மட்ட இளைஞர் குழுக்களில் 22 வயதோடு கதவு மூடிவிடும். வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு வயது வரம்பில்லாத குழுக்கள்தான் வழி. அதனால்தான் ஒத்திகை எல்லாம் சனி, ஞாயிறு.

தொடக்கப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 துடிப்பு. ஒரு துடிப்புக்கு நான்கு தட்டு, ஆக விநாடிக்கு 12 தட்டு. மனதுக்குள் நான் தகதிமி சொல்லிக்கொள்கிறேன். முதல் டிரம் ‘த’, இரண்டாவது ‘க’, நான் ‘தி’, நான்காவது ‘மி’, அடுத்த துடிப்பின் ‘த’வில் ஐந்தாவது இறங்கும். என் ‘தி’யை மட்டும் எண்ணிக்கொண்டு காத்திருந்தால் அது கட்டாயம் தாமதமாகத்தான் விழும். முழு வரியும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கை மட்டும் தன் இடத்தில் வெளியே வர வேண்டும். அதற்காக வார நாட்களில் ரப்பர் பேடில் ஐந்து பேருடைய வரியையும் நானே அடிப்பேன். அப்புறம் மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் என்னுடையதை மட்டும் வைத்துக்கொள்வேன். கால் நின்ற இடத்திலேயே துடிப்பைப் போட்டுக்கொண்டிருக்கும். உட்கார்ந்து பழகினால் மைதானத்தில் அது உதவுவதே இல்லை.

மைதானம் வேறு உலகம். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஒவ்வொரு காட்சியிலும் நான் நிற்க வேண்டிய புள்ளி, நாற்பது கெஜக் கோட்டிலிருந்து இத்தனை காலடி, முன் ஹேஷிலிருந்து (மைதானத்தில் நீளவாக்கில் ஓடும் சிறு கோடுகளின் வரிசை) இத்தனை காலடி என்று குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பேஸ் டிரம்காரர்கள் தோல் இரண்டும் பக்கவாட்டில் இருக்கும்படி டிரம்மைத் தாங்குகிறோம். ஒரு தோல் பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்பதால் உடம்பு மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தே நிற்கும், முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்தும் டிரம் மேஜரைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். முன்னால் இருக்கும் தரையை டிரம் மறைத்துவிடுகிறது. ஆகவே கோட்டைப் பார்த்து நடக்க முடியாது, காலடியின் அளவைக் காலே அறிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் டிரம் இல்லாமல், வாயால் வரியைச் சொல்லிக்கொண்டே நடந்து பழகுகிறோம். என்னைக் கேட்டால் வார இறுதியின் மிகப் பயனுள்ள நேரம் அதுதான்.

இனி, இந்த மாதம் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற, கோலால் தட்டி வாசிக்கும் பெரிய வாத்தியங்கள் எல்லாம் மைதானத்தின் முன் ஓரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அதைப் பிட் என்போம். தொடக்கப் பாட்டில் நாங்கள் அவர்களுக்கு 30 கெஜம் பின்னால் இருக்கிறோம். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க விநாடியில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகிறது. 180 வேகத்தில் ஒரு தட்டின் நீளமும் அதேதான்! பிட்டைக் கேட்டு அதோடு சேர்ந்து அடித்தால், என் காதில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அந்த ஒலி முன்னால் திரும்பிப் போக இன்னொரு தட்டு நேரம் ஆகும். பார்வையாளர் காதில் நான் இரண்டு தட்டு பின்னால் இருப்பேன், என் ‘தி’ அடுத்த ‘த’வில் போய் விழும்.

அதனால் பின்னால் இருப்பவர்கள் முன்னாலிருந்து வருவதைக் காதில் வாங்கவே கூடாது. ஸ்னேர் என்ற சிறு டிரம் வாசிப்பவர்களில் நடுவில் நிற்பவரின் காலும் டிரம் மேஜரின் கையும்தான் எங்களுக்குக் காலக்கணக்கு. பிட்டில் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதன் மேல் வாசிக்கிறார்கள். துடிப்பைச் சீராக ஒலிக்கும் மெட்ரோனோமின் ஒலிபெருக்கியைக்கூட எங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பது இதற்குத்தான். அது எழுப்பும் ஒலி எங்களைத் தாண்டி முன்னே போகும்போது, எங்கள் ஒலியும் கூடவே சேர்ந்து போகும்.

இது புரிந்த பிறகு ஞாயிறு மதியம் மெட்ரோனோமை அணைத்துவிட்டு முழுக் குழுவாக ஓட்டினோம். தொடக்கப் பாட்டு சிதறாமல் நின்றது. பித்தளைப் பகுதி முழு வேகத்தில் நுழையும் இடத்தில் ஐந்து டிரம்மும் ஒரே கையிலிருந்து வந்ததுபோல் உருண்டன. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் பாட்டில்தான் சிக்கல் மிச்சம். அங்கே ஒரு காட்சியில் முதல் டிரம்முக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 20 கெஜம். அந்தத் தூரத்துக்கு ஒலி எடுக்கும் நேரம், இந்த வேகத்தில் ஒரு தட்டில் பாதிக்கும் மேல். பக்கத்து டிரம்மைக் கேட்டு அடித்தால் வரி ஒரு பக்கமாகச் சாய்கிறது, டிரம் மேஜரின் கையைப் பார்த்து அடித்தால் சாயாமல் நிற்கிறது. ஆனால் அதே இடத்தில் பின்னோக்கி நடக்கவும் வேண்டும். பயிற்சியாளர்கள் பேசி இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள், இப்போது எல்லோரும் இரண்டு காலடி இடைவெளியில் நெருங்கி நிற்கிறோம். ஷோவின் அந்தப் படம் கொஞ்சம் சுருங்குகிறது, இசை தெளிவாகிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முடிவுப் பாட்டின் கடைசிக் காட்சிகளுக்குப் புள்ளிகள் இந்த வாரம் வந்துசேரும். அதற்குள் அந்த வரியை 160 வேகத்தில் சுத்தமாக்கி வைத்தால், சனிக்கிழமை நடையோடு சேர்த்து 172-க்கு ஏற்றலாம் என்று ஐந்து பேரும் பேசி வைத்திருக்கிறோம்.