ரொட்டவேற்றர் வாங்கப் போகும்போது அளவு நாடாவும் கையில் இருக்கட்டும்

ஆவணி பிறந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் ரொட்டவேற்றர், அதாவது உழவு மெசினுக்குப் (ட்ராக்டருக்கு) பின்னால் கொழுவிக் கத்திகளைச் சுழற்றி மண்ணைக் கொத்துகிற சாமான், விசாரிக்கிற ஆட்கள் கூடிவிடுவார்கள். மாரி மழை இறங்குவதற்குள் முதல் உழவு முடிய வேண்டும். அந்த அவசரத்தில் பெயின்டையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். விதைப்பு முடியுமுன்னே அந்தச் சாமான் கராஜ் வாசலில் பிரித்துக் கிடக்கும். இப்படி வருகிற வருத்தங்களில் பலவற்றை ஒரு அளவு நாடாவும் ஒரு ஸ்பனரும் இருந்தால் கடை முற்றத்திலேயே தவிர்த்துவிடலாம்.

முதலில் அகலம். ஆறடி எடுத்தால் வேலை கெதியாக முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். ரொட்டவேற்றரின் அகலத்துக்கு அடிக்கு 8 முதல் 10 குதிரைவலு வேண்டும். 45 குதிரைவலு மெசினுக்கு ஐந்தடி சுகம். ஆறடி போட்டால் காய்ந்த தரையில் மெசின் திணறும், கியரைக் குறைக்க வேண்டிவரும். கணக்கைப் பாருங்கள். ஐந்தடி என்பது 1.52 மீற்றர். மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, திருப்பலுக்கும் மறுபடி படுகிற இடத்துக்கும் கால் பங்கைக் கழித்தால் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 3,420 சதுர மீற்றர் உழும். ஆறடி 1.83 மீற்றர். அது திணறி 2.5 கிலோமீற்றர் வேகத்துக்கு இறங்கினால் 3,430. இரண்டும் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்தான். கூடுதல் காசு கொடுத்தும், கூடுதல் டீசல் எரித்தும், ஒரு பரப்புக் கூட மிச்சமாக உழவில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தடி எடுத்துவிடவும் கூடாது. பின் ரயர் இரண்டின் வெளி விளிம்புக்கும் வெளி விளிம்புக்கும் இடையே நாடாவைப் பிடியுங்கள். 13.6-28 ரயர் போட்டு, நடுவுக்கு நடு 52 அங்குலம் வைத்த மெசினில் அது 65 அங்குலத்தைத் தாண்டும். ஐந்தடி ரொட்டவேற்றர் 60 அங்குலம். நடுவில் பூட்டினால் இரு பக்கமும் ஏறத்தாழ மூன்று அங்குல ரயர் தடம் உழாமல் நிற்கும், சேற்றில் அது வாய்க்கால் மாதிரி ஓடும். ஆகவே ஐந்தரை அடி எடுங்கள், அல்லது சட்டத்தை ஒரு பக்கம் தள்ளிப் பூட்ட வசதியுள்ள ஐந்தடியை எடுங்கள். ஒரு பக்கத் தடம் மறைந்தால் போதும், மற்றது அடுத்த சாலில் மறைந்துவிடும். சேற்றுக்காக இரும்புக் கூட்டுச் சில்லு (கேஜ் வீல்) பூட்டுகிறவர்கள் அதையும் பூட்டிய பிறகே அளக்க வேண்டும்.

சாமானை மெசினின் இரண்டு கீழ்க் கைகளிலும் ஒரு மேல் கையிலும் கொழுவுகிற இடத்திலும் இரண்டு அளவு இருக்கிறது. சிறிய வகையில் கீழ்க் கைகளில் செருகும் இரும்பு முளை (பின்) 22 மில்லிமீற்றர் தடிப்பு, மேல் கை முளை 19. பெரிய வகையில் கீழே 28, மேலே 25. பெரிய துளைக்குள் சிறிய பின்னைப் போட்டு ஓடினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு போகத்தில் துளை முட்டை வடிவாகிவிடும், அதன்பின் சாமான் நேரே நிற்காது. இடையில் போடுகிற புஷ் சின்னச் சாமான், வாங்குகிற நாளிலேயே கேட்டு எடுங்கள்.

கூடுதலாகப் பணம் தின்னுவது பீரீஓ ஷாப்ட், அதாவது மெசினின் சுழற்சியை ரொட்டவேற்றருக்குக் கொண்டுபோகிற, ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய்த் தண்டு. ரொட்டவேற்றரோடு வரும் ஷாப்டை நீளம் பார்க்காமல் அப்படியே பூட்டுகிறார்கள். அது நீளமாக இருந்தால், தூக்கும்போது உள் குழாய் போய் முட்டும். தள்ளுவதற்கு இடமில்லாமல் ஒரு பக்கம் மெசினின் பீரீஓ பெயரிங்கையும் மறு பக்கம் ரொட்டவேற்றர் கியர் பொக்ஸின் பெயரிங்கையும் இடிக்கும். சத்தம் வந்ததும் கியர் பொக்ஸ் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை. உண்மையில் வெட்டாமல் விட்ட இரண்டு அங்குலக் குழாய்தான் காரணம்.

அளக்கும் முறை இது. சாமானைக் கொழுவி, ஷாப்ட் இல்லாமல், மெசினின் பீரீஓ முனையும் ரொட்டவேற்றர் முனையும் நேருக்கு நேர் வரும் உயரத்துக்கு மெதுவாகத் தூக்குங்கள். இரண்டும் ஆகக் கிட்ட வருவது அப்போதுதான். என்ஜினை நிறுத்துங்கள், கீழே கட்டை வையுங்கள். ஷாப்டின் இரண்டு பாதியையும் கழற்றி அந்தந்த முனையில் பூட்டி, பக்கம் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். குழாயின் நுனிக்கும் அது முட்டும் இடத்துக்கும் இடையே ஒன்றரை அங்குலமாவது வெறுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவை வெட்டி, பிசிரை அரத்தால் தேய்த்து, கிறீஸ் பூசிச் செருகுங்கள். கூட வெட்டிவிடவும் கூடாது. சாமானை முழுதாக இறக்கிய நிலையிலும் குழாய்களின் மூன்றிலொரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று நிற்க வேண்டும். செருகும்போது குழாய்களின் முனையில் சிலுவை மூட்டைப் பிடிக்கும், நடுவில் உள்ள இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிச் செருகினால் நடுக்கம் எடுக்கும், சிலுவை மூட்டு உடையும். வரம்பு கடக்கத் தூக்கும்போதும் பீரீஓவை நிறுத்துங்கள், அந்தச் சரிவில் சுற்றினால் எந்த மூட்டும் தாங்காது. முன் சில்லு மண்ணை விட்டு எழும்பினால் முன் பாரம் காணாது என்று அர்த்தம்.

இனிச் சேறு. வயலுக்கு வாங்குகிறவர் கத்தியை விட, தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கும் சீலைப் பார்க்க வேண்டும். கத்திகள் பூட்டிய சுழல் தண்டான ரோட்டரின் இரு முனையிலும் தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிற இடம் அது. இறப்பர் சீல் மட்டும் போட்டவையும் உண்டு, இரும்பு முகம் இரண்டு உரசி அடைக்கும் சீல் போட்டவையும் உண்டு. உன்னிச்சை, நவகிரி நீர்ப்பாய்ச்சலில் முழங்கால் சேற்றில் ஓட்டுகிறவர்கள் இரண்டாவதையே கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழையதை வாங்குகிறவர் ரோட்டரைச் சுழற்றும் பக்கத்துப் பெட்டியின் கீழ்ப் போல்ட்டைக் கால்வாசி தளர்த்தி ஒரு கரண்டி ஒயிலை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். ஓடி நின்றவுடன் அல்ல, ஒரு இரவு சும்மா நின்ற பிறகு. தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் முதல் கரண்டியிலேயே தெரியும். கறுப்பாக இருந்தால் பழைய ஒயில், மாற்றலாம். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது. வெள்ளித் தூள் மின்னினால் பெயரிங்கோ பல்லோ தேய்கிறது. பிறகு ரோட்டர் முனையின் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்புங்கள். கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால் அந்த விலைக்கு அது வேண்டாம். விற்கிறவர் ஒயில் போல்ட்டைத் தொட விடாவிட்டால் திரும்பி வாருங்கள்.

பக்கத்துப் பெட்டிக்குள் சங்கிலியா பல்லா (பற்சக்கரமா) என்பதையும் கேளுங்கள். சங்கிலி இழுபடும், ஆனால் அறுந்தால் எங்கும் மாற்றலாம். பல் கனநாள் உழைக்கும், கல்லில் இடித்து ஒன்று உடைந்தால் செலவு பெரிது. சேற்று வயலுக்குப் பல், கல்லும் வேரும் உள்ள மேட்டு நிலத்துக்குச் சங்கிலி என்பது என் தெரிவு.

கத்தியில் எல் வடிவம் காய்ந்த தரைக்கு, சி வடிவம் பாரமான ஈர மண்ணுக்கு. ஐந்தடியில் வழமையாக 36 கத்தி, பாதி இடம், பாதி வலம். ரோட்டரில் கத்தி பூட்டும் கடைசித் தட்டுகளில் கத்திகளின் வளைவு உள்நோக்கி இருக்க வேண்டும். கழற்று முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கத்திகள் சுருளாக அடுக்கிய ஒழுங்கு குழம்பினால் பல கத்திகள் ஒரே நேரத்தில் மண்ணில் விழுந்து மெசினையே உதறும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ரொட்டரி என்றால், ஒரு கத்தியைக் கழற்றிக் கொண்டுபோய் உதிரிப் பாகக் கடையில் பொருந்துவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

தட்டுக் கலப்பையை நெல் வயலுக்கு வாங்கியவர்களின் வருத்தம் வேறு மாதிரி. அது எட்டு, பத்து அங்குலம் இறங்கி, தண்ணீரைத் தாங்கி நிற்கிற அடி இறுக்கத்தை உடைத்துவிடும். பிறகு வரவையில் நீர் நிற்காது, மெசினும் புதையும். அந்த இறுக்கம் திரும்பப் பிடிக்கப் பல போகம் போகும். புதுக்காடு வெட்டிய மேட்டு நிலம் என்றால் அதைவிட நல்ல சாமான் இல்லை, வயலுக்கு மண்ணைக் கீறும் ஒன்பது கொழு உள்ள கொத்துக் கலப்பை போதும். கொத்தில் மேல் கைத் தூண் சட்டத்தோடு சேரும் ஒட்டைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கொழு இரு பக்கமும் திருப்பிப் போடக்கூடியதாக இருக்கட்டும். மெசினின் பின்னால் இழுக்கும் பெட்டி (ட்ரெயிலர்) வாங்குகிறவர்கள் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை இரும்பில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள்.

புது ரொட்டவேற்றர் முதல் ஒரு மணித்தியாலம் ஓடியதும் நிறுத்துங்கள். கத்திக்கு இரண்டாக 72 போல்ட், ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும், என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாமானுக்குக் கீழே கட்டை வைத்து, ரோட்டரின் இரு முனையிலும் சுற்றியிருக்கும் வைக்கோலையும் யூரியா பை நூலையும் தங்கூசி எனும் நைலோன் நூலையும் அறுத்து எடுங்கள். தங்கூசி ஈரமாக இருக்கையில் கண்ணுக்குப் படாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.