குலுவிலிருந்து வந்த கொண்டைப் பூ

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தபாலில் வரவழைத்து நட்ட, ஐரிஸ் என்னும் பூச்செடியின் ஆறு கிழங்குகளும் அந்த ஆண்டு ஆடி முடிவதற்குள் அழுகிப்போயின. ஒன்றைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் முழுதாக இருந்தது. பெருவிரலால் அழுத்தியதும் உள்ளிருந்தது கஞ்சி போல வழிந்தது. இஞ்சி போட்டு நஷ்டப்பட்டவர்களுக்கு நன்கு தெரிந்த அதே நாற்றம். கிழங்குகளோடு வந்த தாளில், குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு மிகவும் ஏற்ற செடி என்று அச்சிட்டிருந்தார்கள். நான் அதை நம்பினேன், ஏனென்றால் எங்கள் வீடு இருப்பது மூணாற்றுக்கும் தேவிகுளத்திற்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல், ஜனவரியில் புல்லின் மீது உறைபனி வெள்ளையாகப் படியும் ஒரு சரிவில்.

இந்தப் பூவின் மீது எனக்கு இருக்கும் ஆசை பழையது. என் அப்பா எஸ்டேட் பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாள்களில், நடைபாதை ஓரத்தில் நீல நிறத்தில் நின்ற ஒரு பூவைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு வருவேன். அதன் பெயர் அப்பாவுக்கும் தெரியாது. ஆசிரியையாகி, ஓய்வும் பெற்று, எனக்கென்று நான்கு சென்ட் நிலம் வாய்த்த பிறகு முதலில் தேடியது அந்தப் பூவைத்தான். ஆறு கிழங்குகளும் போன வருத்தத்தில் இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே நான் போகவில்லை.

பின்னர் காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான், குளிரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மழையை மறந்துவிட்டேன் என்பது புரிந்தது. ஐரிஸ் பேரினத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் வட அரைக்கோளத்தைச் சேர்ந்தவை. நான் வாங்கியவை கீழ்நோக்கி மடியும் இதழ்களின் நடுவில் மயிர்க்கற்றை போன்ற ஒரு பகுதியைக் கொண்ட, தாடி வகை என்று சொல்லப்படும் கலப்பினங்கள். அவற்றின் மூதாதைகள் தெற்கு ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும், குளிர்காலத்தில் ஈரமும் கோடையில் வறட்சியும் கொண்ட நிலங்களில் வளர்ந்தவை. பூத்து முடிந்ததும் அவற்றின் கிழங்கு வெயிலில் காய்ந்து கிடக்க வேண்டும். அதனால்தான் அதைப் பாதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி நடுகிறார்கள். எங்கள் ஊரிலோ அவை காய வேண்டிய ஜூன் மாதத்தில்தான் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. கர்க்கடகம், அதாவது ஆடி, முடியும் வரை துணி உலர்வதில்லை, விறகு உலர்வதில்லை, கிழங்கு மட்டும் எப்படி உலரும்? காஷ்மீரில் இஸ்லாமியர் கல்லறைகளின் மேல் நடப்படும் வெள்ளை ஐரிஸும் இதே தாடிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது இமயமலையில் வளர்ந்தாலும், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழை குறைவு என்பதால் அங்கே நிலைத்திருக்கிறது.

ஆகவே எனக்கு வேண்டியது குளிரையும் தாங்கி, ஆனி ஆடி மழையிலும் வேர் ஊன்றி நிற்கும் ஒரு மலை ஐரிஸ். அது தானாகவே வந்து சேர்ந்ததை என் பாக்கியம் என்றே சொல்வேன்.

என் தம்பி மகன் இமாச்சலப் பிரதேசத்தில் சாலைப் பணியில் இருக்கிறான். 2020-ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள் தொலைபேசியில், "அத்தை, நான் தங்கியிருக்கிற வீட்டு மதில் ஓரமெல்லாம் வசம்பு மாதிரி ஒரு செடி, ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடக்கிறது" என்று சொல்லிப் படமும் அனுப்பினான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழின் நடுவில் தாடி இல்லை. அந்த இடத்தில் சேவலின் கொண்டையைப் போல, ஓரம் கிழிந்த ஒரு மஞ்சள் மேடு இருந்தது. கொண்டை ஐரிஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஐரிஸ் மைலேசி அது. காட்டிலிருந்து ஒரு கிழங்கைக்கூடப் பிடுங்கக் கூடாது, அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டு விதை மட்டும் வாங்கி வா என்று சொன்னேன். நவம்பரில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு தீப்பெட்டி நிறைய விதை கொண்டுவந்தான்.

அவன் தங்கியிருந்தது குலு பள்ளத்தாக்கில். இந்தச் செடியின் கதை தொடங்குவதும் அதே பள்ளத்தாக்கில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குலுவில் இதைக் கண்ட ஒருவர் இங்கிலாந்தில் இருந்த தம் உறவினரான ஃபிராங்க் மைல்ஸ் என்ற ஓவியருக்கு விதை அனுப்பினார். மைல்ஸ் வளர்த்த செடியைப் பார்த்து, ஐரிஸ் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாஸ்டர் 1883-ஆம் ஆண்டு அதை விவரித்து எழுதினார். பெயரும் மைல்ஸின் பெயராக நிலைத்துவிட்டது. இமயத்தின் மேற்குப் பகுதியிலிருந்து சீனாவின் சிச்சுவான், யுன்னான் மலைகள் வரை, ஏறக்குறைய 1,600 முதல் 2,700 மீட்டர் உயரத்தில், காட்டோரங்களிலும் புல்சரிவுகளிலும் இது வளர்கிறது. உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய விதையால் இங்கிலாந்து வரை போன செடி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து இன்னோர் உறவுக்காரனின் தீப்பெட்டியில் எங்கள் மலைக்கு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

குலு ஏறக்குறைய 32 பாகை வடக்கில் இருக்கிறது, மூணாறு 10 பாகையில். அங்கே குளிர்காலத்தில் பனி பொழிகிறது, இங்கே உறைபனியோடு சரி. ஆயினும் ஒன்றில் இரண்டு ஊர்களும் ஒத்துப்போகின்றன: இரண்டுக்கும் கோடைக்குப் பின் வருவது தென்மேற்குப் பருவமழைதான். வைகாசியில் பூத்து, மழையைக் குடித்து இலையைப் பெருக்கி, பனிக்காலத்தில் அடங்கிவிடும் பழக்கம் இந்தச் செடிக்கு வழிவழியாக வந்தது. கிழங்கு அழுகிய ஆண்டில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்தச் செடி எவ்வளவு உயரத்தில் வளர்கிறது என்பது அன்று. அது எந்த மாதத்தில் நனைகிறது என்பதுதான்.

விதைகளைக் கார்த்திகை மாதத்திலேயே, இலைமக்கும் ஆற்று மணலும் கலந்த தொட்டியில் விதைத்து, வீட்டின் வடக்குப் புறத்தில் திறந்த வெளியில் வைத்தேன். பனிக்காலம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மாசிக் கடைசியில் புல் முளைத்தது போல் பச்சை தெரிந்தது. களை என்று நினைத்துப் பிடுங்கப் போய், முளை விசிறி போலத் தட்டையாக இருப்பதைக் கண்டு கையை எடுத்துக்கொண்டேன். நாற்பதுக்கு மேல் போட்ட விதையில் பத்தொன்பது முளைத்தன. அடுத்த ஆண்டு அவற்றைச் சரிவின் விளிம்பில், தண்ணீர் தேங்காமல் வழிந்தோடும் இடத்தில் நட்டேன். தேயிலை மண் புளித்த மண் ஆகையால் நடும் குழியில் அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு கலந்தேன். அளவுக்கு மீறிப் போட்ட ஒரு குழியில் இலை வெளுத்தது. கிழங்கு விரல் தடிமனுக்கு மேல் பருத்து, கணுக்கணுவாய்ப் பச்சை நிறத்தில் மண்ணின் மேலேயே படர்கிறது. இலைகள் நான்கு விரல் அகலத்தில், வாளைப் போல முழங்காலைத் தொடும் உயரத்துக்கு வளர்கின்றன.

இலையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை வசம்பு என்றே நினைத்தார்கள். இது நம் ஊர்க்காரர்களின் பிழை மட்டுமன்று. ஐரோப்பாவின் மஞ்சள் ஐரிஸுக்கு வைக்கப்பட்ட லத்தீன் பெயரின் பொருளே பொய் வசம்பு என்பதுதான். ஆனால் இந்த ஒற்றுமையால் ஒரு நாள் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கீழ் லயத்தில் இருக்கும் அக்கா ஒருவர் வந்து, "டீச்சர், பேரனுக்கு வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, வசம்பு ஒரு துண்டு குடுங்க, சுட்டு உரசி வைக்கிறேன்" என்றார். பேச்சுவாக்கில் அவரே குனிந்து கிழங்கின் நுனியை ஒடிக்கவும் தொடங்கிவிட்டார். ஐரிஸ் கிழங்கு நஞ்சு; உள்ளே போனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பச்சிளங் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டி, வசம்பின் மணம் இதில் இல்லை என்று காட்டிய பிறகுதான் நம்பினார். வசம்பைக் கண்ணால் அடையாளம் காண முடியாது, மூக்கால்தான் அறிய வேண்டும். இந்தச் செடியை வளர்க்க விரும்பும் எவருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அன்றே ஒரு தகரத் துண்டில் 'நஞ்சு, வசம்பு அல்ல' என்று எழுதிப் பாத்தியில் நட்டுவிட்டேன்.

2023-ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு செடியின் விசிறி நடுவிலிருந்து தண்டு எழும்பியது. இடுப்புயரம் வளர்ந்து கிளை கிளையாகப் பிரிந்தது. மே மாதத் தொடக்கத்தில் முதல் பூ விரிந்த காலையில் ஸ்டூலைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியிதழ் மூன்று, உள்ளிதழ் மூன்று. வெளிர் ஊதாவில் இளஞ்சிவப்பு கலந்த நிறம், அதன் மேல் அடர்ந்த ஊதாத் திட்டுகள். தாடி வகைகளில் நிமிர்ந்து நிற்கும் உள்ளிதழ்கள் இதில் சாய்ந்து விரிகின்றன. வெளியிதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த ஆரஞ்சு மஞ்சள் கொண்டை. அதற்கு மேலே, ஓரம் நூல் பிரிந்தது போன்ற இன்னோர் இதழ் வளைந்து கூரையாய் நிற்கிறது. அது இதழே அன்று. சூலகத்திலிருந்து எழும் தண்டின் கிளை.

கருவண்டு ஒன்று வந்து வெளியிதழில் இறங்கியதும் தண்டே தாழ்ந்தது. கொண்டையைப் பிடித்துக்கொண்டு அது கூரைக்கு அடியில் நுழைந்தது. நுழையும் வாயிலில் கூரையின் உட்புறத்தில் ஒரு சிறிய மடல் தொங்குகிறது, அதுதான் சூல்முடி. வேறொரு பூவிலிருந்து வண்டு சுமந்து வந்த மகரந்தத்தை அதன் முதுகிலிருந்து அந்த மடல் வழித்து எடுத்துக்கொள்கிறது. உள்ளே மேலும் போனால் கூரையோடு ஒட்டி மறைந்திருக்கும் மகரந்தப்பை முதுகில் உரசுகிறது. தேனை எடுத்துக்கொண்டு வண்டு பின்புறமாக வெளியேறும்போது மடல் மேல்நோக்கித் தள்ளப்பட்டு மூடிக்கொள்வதால், அந்தப் பூவின் மகரந்தம் அதே வழியின் சூல்முடியில் பட இடமில்லை. ஒரே பூவில் இப்படி மூன்று வாயில்கள் இருக்கின்றன. வெறுங்கண்ணால் பார்த்தே இவ்வளவும் விளங்கியபோது, இதைப் படமாக வரைந்து காட்டிய என் வகுப்புகளில் ஒரு செடியாவது மேசை மேல் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். ஆனால் ஒரே உறைக்குள் மூன்று நான்கு மொட்டுகள் காத்திருப்பதால் ஒன்று வாட இன்னொன்று விரிய, இடவப்பாதி தொடங்கும் வரை பாத்தியில் நிறம் இருந்துகொண்டே இருந்தது.

வளர்ப்பில் பெரிய தொல்லை எதுவும் இல்லை. மழைக்காலத்தில் நத்தை இளம் இலையை அரிக்கும். இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்க வேண்டும். காட்டுப்பன்றி ஒரு முறை பாத்தியை முழுவதும் புரட்டிப்போட்டது. அருகில் இருந்த சேம்பு அத்தனையும் போயிற்று. ஐரிஸ் கிழங்குகள் மட்டும் பல் படாமல் மேலே கிடந்தன. பூத்து முடிந்த பின், மழை தணிந்திருக்கும் சில நாள்களில், மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை கிழங்கைப் பிரித்து நடலாம். மார்கழிப் பனியில் இலை கருகிச் சாய்ந்தால் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது. பச்சைக் கிழங்கின் நுனியில் அடுத்த ஆண்டின் மொட்டு இருக்கிறது.

நர்சரிகளில் ஐரிஸ் என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி டயட்டிஸ் என்னும் ஆப்பிரிக்கச் செடி. அதே குடும்பந்தான், சாலையோரத்துக்கு நல்ல செடியுந்தான். ஆனால் ஐரிஸ் அன்று. மாறாக, ஐரிஸாக இருந்தும் நெடுங்காலம் வேறு பெயரில் வாழ்ந்த ஒன்று கேரளத்தோடு தொடர்புடையது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த, கேரளத் தாவரங்களைப் பற்றிய ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில், பெலம்கண்ட என்ற மலையாளப் பெயருடன், சிவப்புப் புள்ளி தெளித்த ஆரஞ்சு நிறப் பூ ஒன்று இடம்பெற்றது. அந்த மலையாளப் பெயரையே தாவரவியலாளர்கள் பேரினப் பெயராக்கினார்கள். மரபணு ஆய்வு அது ஐரிஸ்தான் என்று காட்டியதால் 2005-ஆம் ஆண்டு ஐரிஸ் டொமெஸ்டிகா என்று மாற்றிவிட்டார்கள். அறிவியலின் நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் உலகத் தோட்டங்களெல்லாம் உச்சரித்த ஒரு மலையாளச் சொல் ஏட்டிலிருந்து நீங்கியதில் வருத்தம் உண்டு.

ஒரு காரியத்தில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். காய் முற்றி வெடிக்கும் முன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுகிறேன். எங்கள் மலையின் புல்வெளிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் எப்படி விழுங்கியது என்பதை என் வயதுக்காரர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். குறிஞ்சி பூக்க வேண்டிய சரிவில் இன்று பல இடங்களில் சீகைக் காடுதான். இந்த ஐரிஸ் அப்படிப் பரவும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் என் பாத்தியிலிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்வெளிக்குப் பறவையோ மழைநீரோ ஒரு விதையைக்கூடக் கொண்டுபோக நான் இடம்கொடுக்க மாட்டேன். கேட்பவர்களுக்கும் விதை கொடுப்பதில்லை, கிழங்குத் துண்டு மட்டும். அதுவும் காயை வெட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தால்தான்.

கீழ் லயத்து அக்காவும் அந்த வாக்கைக் கொடுத்து ஒரு துண்டு வாங்கிப் போனார். அடி உடைந்த பிளாஸ்டிக் வாளியில் நட்டு, பேரனின் கை எட்டாத உயரத்தில், சன்னலுக்கு வெளியே கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அவர்கள் லயம் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முதலில் அங்கே விழுவதாலோ என்னவோ, இந்த ஆண்டு என் பாத்தியில் மொட்டு நிறம் காட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய வாளியில் பூத்துவிட்டது.