நரேஷனில் எழுதிய பெயர்

"ரசீதுப் பதிவுக்குள் போய்ப் பார்ட்டி பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதுமே, அண்ணே?" என்று கடையில் என்னோடு கணக்கு எழுதிய தம்பி கேட்டான். "கூடாது, ஜர்னல் போடு. காரணத்தை விரிவாக எழுது" என்றேன். ஜர்னல் என்றால், பழைய பதிவைத் தொடாமல் தனியாகப் போடும் திருத்தப் பதிவு. எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் சொன்னது தவறென்று எந்தக் கணக்காளரும் சொல்ல மாட்டார்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மீனாட்சி பெயரில் கடை இல்லாத ஊர் எது? உசிலம்பட்டிக் கடை கட்டிய பணம் திருமங்கலத்துக் கடையின் பேரேட்டில் வரவாகியிருந்தது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் முதல் சில எழுத்தைத் தட்டியதும் இரண்டு பெயரும் அடுத்தடுத்து நிற்கும். ஆங்கில அகரவரிசையில் திருமங்கலம் மேலே, உசிலம்பட்டி கீழே. அம்புக்குறியை ஒரு படி இறக்காமல் எண்டரைத் தட்டியிருக்கிறான்.

இந்த வகைப் பிழைதான் பொல்லாதது. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் வகுபடும். 5,400ஐ 4,500 என்று போட்டால் 900 உதைக்கும். பற்று வரவு பக்கம் மாறினால், வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடினால் அகப்பட்டுவிடும். ஆள் மாறினாலோ, மொத்தப் பற்றையும் மொத்த வரவையும் ஒப்பிடும் இருப்பாய்வு ஒரு பைசா பிசகாமல் நிற்கும். யாராவது வந்து சண்டை போட்டால்தான் தெரியும். உசிலம்பட்டிக்காரர் சண்டைகூடப் போடவில்லை. பாக்கி கேட்டு நாங்கள் போன் செய்திருந்தோம். கீழமாசி வீதிக்குச் சரக்கெடுக்க வந்தவர், சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து, மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மடிப்பில் மை மங்கியிருந்தது. தொகையும் தேதியும் பளிச்சென்று இருந்தன.

திருமங்கலத்துக் கணக்கில் பற்று, உசிலம்பட்டிக் கணக்கில் வரவு. கீழே விளக்கம் எழுதும் நரேஷனில் "திருத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டுத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். எந்த ரசீது, எப்படி மாறியது, யார் பதிந்தது என்று முழுவதையும் எழுதவைத்தது நான்தான். பழைய தடம் அழியக் கூடாது, திருத்தியதும் தெரிய வேண்டும் என்பது நான் படித்த பாடம். அவன் பெயரையும் சேர்த்தது எந்தப் பாடம்?

பார்ட்டிக்குக் கொடுக்கும் கணக்கு ஸ்டேட்மென்ட் எடுத்தபோது நரேஷனும் சேர்ந்தே அச்சாகி வந்தது. முதலாளி அதைக் கடை நடுவில் சத்தமாகப் படித்தார். அடுத்த மாதம் தம்பி வேறு இடம் பார்த்துக்கொண்டான். அங்கே சம்பளம் கூடுதல் என்றான். இருக்கலாம்.

சட்டமே அப்படித்தான் என்று சில நாள் சொல்லிக்கொண்டேன். மாற்றங்களின் தடத்தை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. ஆனால் அது கம்பெனிகளுக்கு. எங்களுடையது கூட்டு வியாபாரம், அந்த விதி எங்கள் படியேறவே இல்லை. ஏறியிருந்தாலும், மாற்றம் தேதியோடு பதிவாக வேண்டும் என்றுதான் கேட்கும். பையனின் பெயரைப் பார்ட்டி கையில் கொடு என்று கேட்காது.

சரி, அவன் கேட்டபடி உள்ளே போய் மாற்ற விட்டிருந்தால்? திருமங்கலத்துக்காரர் கையில் ஏற்கெனவே இருந்த ஸ்டேட்மென்டும் எங்கள் பேரேடும் ஒத்துப்போயிருக்காது. ஆகவே ஜர்னல் சரிதான். கட்டாத பணம் தம் கணக்கில் வரவாகியிருந்ததைப் பார்த்தும் அவர் வாய் திறக்காமல் இருந்தாரே, அதை மட்டும் நான் எந்த நரேஷனிலும் எழுதவில்லை.

புதிதாக வருபவர்களிடம் இன்றும் காரணத்தை விரிவாக எழுதத்தான் சொல்கிறேன். என் கையால் போடும் ஜர்னல்களில் ரசீது எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும்.